குடலுக்கு நேரம் குறித்தல்: ஆசனவாய் வழி நீர்க்கழுவல் பற்றி ஒரு விளக்கம்

தண்டுவடக் காயத்துக்குப் பிறகோ, மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகோ, குடல் சொன்னபடி கேட்காமல் போனவர்களிடம் மருத்துவர் ஒரு கட்டத்தில் "ட்ரான்ஸ்ஏனல் இரிகேஷன் செய்து பார்க்கலாம்" என்பார். ஆசனவாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்திப் பெருங்குடலின் கடைசிப் பகுதியைக் காலி செய்யும் முறை அது. இந்தக் கட்டுரையில் அதைச் சுருக்கமாக நீர்க்கழுவல் என்போம். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பவை "நச்சு நீக்கம்", "குடல் சுத்தம்" என்று கூவும் விளம்பரங்கள். இரண்டும் ஒன்றுதானா என்ற குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டும் வேறு வேறு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரின் குடலில் கழுவி நீக்க வேண்டிய நச்சு எதுவும் தேங்கிக் கிடப்பதில்லை. நீர்க்கழுவல் என்பது, மலத்தைத் தானாக வெளியேற்றும் திறனோ, அடக்கிவைக்கும் திறனோ குறைந்துபோனவருக்கான சிகிச்சை. மலம் எப்போது வெளியேற வேண்டும் என்பதை மறுபடி அந்த மனிதரின் கையில் கொடுப்பதுதான் அதன் வேலை. கீழே வரும் ஒவ்வொரு விவரமும், தண்ணீரின் அளவு முதல் பலூனின் காற்று வரை, இந்த நேரக் கட்டுப்பாட்டை நோக்கியே போகிறது.

## சீராக இருக்கும் குடல் என்ன செய்கிறது?

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குள் ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கூழ் போன்ற திரவம் வந்து சேர்கிறது. பெருங்குடல் அதிலிருந்து பெரும்பகுதி நீரை உறிஞ்சிக்கொள்ள, கடைசியில் மிஞ்சுவது 100 முதல் 200 கிராம் மலம். நகர்வு மெதுவானால் உறிஞ்சல் கூடி மலம் கெட்டியாகும், வேகமானால் இளகும்.

பெருங்குடல் நாள் முழுக்க மலத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு நாளில் சில தடவை மட்டும் பெரிய அலை போன்ற சுருக்கம் எழுந்து, உள்ளே இருப்பதை நெடுந்தூரம் நகர்த்தும். சாப்பிட்ட பின்பும், காலையில் எழுந்ததும் இந்த அலை வலுவாக இருக்கும். வயிறு நிரம்பினால் பெருங்குடல் அசையத் தொடங்கும் இந்த அனிச்சை இயல்பைப் பலர் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். நீர்க்கழுவல் செய்பவர் தெரிந்தே பயன்படுத்துவார்.

மலக்குடலுக்குள் மலம் வந்து சேர்ந்ததும் அதன் சுவர் விரிகிறது. அந்த விரிவை உணர்ந்து உள் சுருக்குத்தசை தானாகத் தளர்கிறது. இந்தத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அதைச் சுற்றியுள்ள வெளிச் சுருக்குத்தசையும், மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசையும் நம் கட்டுப்பாட்டில் இருப்பவை. "இப்போது வேண்டாம்" என்று அடக்குவதும், "சரி, இப்போது போகலாம்" என்று விடுவதும் இவற்றால்தான். இந்தச் செய்திகளைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தின் கீழ்நுனியில், மருத்துவர்கள் எஸ்2 முதல் எஸ்4 வரை என்று குறிக்கும் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அங்கிருந்து மூளை வரை நீளும் பாதை எங்கே அறுந்தாலும் குடலின் நடத்தை மாறும்.

## கோளாறு எந்தெந்த வழியில் வருகிறது?

1. அனிச்சைக் குடல். தண்டுவடத்தின் கீழ்நுனிக்கு மேலே காயம் பட்டால், மூளையின் கட்டுப்பாடு போய்விடும். கீழே இருக்கும் அனிச்சை வளையம் மட்டும் தப்பிப் பிழைக்கும். சுருக்குத்தசை இறுகியே இருக்கும். மலக்குடல் நிறைந்ததும், உரியவருக்குத் தெரியாமலேயே, அது தன் போக்கில் சுருங்கி மலத்தைத் தள்ளிவிடலாம்.

2. தளர்ந்த குடல். காயம் கீழ்நுனியிலோ, அதற்குக் கீழே இறங்கும் நரம்புக் கொத்திலோ பட்டால் அனிச்சையும் போய்விடும். மலத்தைத் தள்ளும் விசை இல்லை, வாயிலைப் பிடித்துவைக்கும் இறுக்கமும் இல்லை. மலச்சிக்கலும் மலக்கசிவும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது இங்கே சாதாரணம். பிறவியிலேயே முதுகெலும்பு மூடாமல் போகும் ஸ்பைனா பிஃபிடா குழந்தைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம்.

3. கொள்ளளவு குறைந்த குடல். மலக்குடல் புற்றுநோய்க்காக மலக்குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மேலே உள்ள குடலைக் கீழே இறக்கித் தைக்கும்போது, மலத்தைச் சேர்த்துவைத்திருந்த பை போய்விடுகிறது. விளைவாக, சில மணி நேரத்துக்குள் பல தடவை ஓட வேண்டியிருக்கும். போய் வந்த பத்தாவது நிமிடம் மறுபடி அவசரம். இந்த அறுவைக்குப் பின் வரும் தொல்லைகளின் தொகுப்பை மருத்துவர்கள் லார்ஸ் (LARS) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புற்றுநோய் குணமானதே பெரிது என்று நினைத்து இதை வாய்விட்டுச் சொல்லாமல் வருடக்கணக்கில் கழிப்பறை அருகிலேயே வாழ்பவர்கள் உண்டு.

4. மற்றவை. மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் நோய், ஆசனவாய் சரியாக உருவாகாத பிறவிக் குறை, பிரசவத்தில் சுருக்குத்தசை கிழிதல், காரணம் பிடிபடாத நாள்பட்ட மலச்சிக்கல்.

இதில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நகராமல் இருக்கும். அதற்கு மேலே இருக்கும் திரவ மலம், அடைப்பின் ஓரமாக வழிந்து வெளியே கசியும். பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்கு போலத் தெரியும். உடனே வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். நடமாட்டம் குறைந்த ஒருவருக்குத் திடீரென்று தண்ணீர் போலக் கசிந்தால், மருந்து கொடுக்கும் முன் மலக்குடலில் அடைப்பு இருக்கிறதா என்று விரலால் பரிசோதிக்கச் சொல்வது நல்லது. நீர்க்கழுவல் தொடங்கும் முன்பும் இந்தப் பரிசோதனை கட்டாயம். அடைப்பு இருந்தால் முதலில் அதை நீக்கியாக வேண்டும்.

## எந்தப் படியில் இது வருகிறது?

முதல் படியில் உணவும் நீரும் சரிசெய்யப்படும். கழிப்பறையில் உட்காரும் விதமும் நேரமும் ஒழுங்காகும். அடுத்து மலமிளக்கிகள், அல்லது மலத்தைக் கெட்டியாக்கும் மருந்துகள். பிறகு ஆசனவாயில் வைக்கும் மருந்து, சிறு எனிமா, விரலால் தூண்டுதல், இடுப்புத்தளப் பயிற்சி. இவை போதாமல் போனால்தான் நீர்க்கழுவல் பேச்சுக்கு வரும். அதற்கு மேல் இருப்பவை எல்லாம் அறுவை சார்ந்தவை. அதாவது கத்தி படாமல் செய்யக்கூடியவற்றில் இது கிட்டத்தட்டக் கடைசிப் படி.

கடைசிப் படி என்பதாலேயே பலர் இதற்கு வந்து சேரத் தேவைக்கு மேல் தாமதமாகிறது. மலமிளக்கியை மாற்றி மாற்றிக் கொடுத்தே வருடங்கள் ஓடிவிடும். முந்தைய படிகளை ஒழுங்காகச் சில மாதம் முயன்றும் பலனில்லை என்றால் இதைப் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை.

## தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது?

சாதாரண எனிமாவில் ஊற்றிய நீர் சுருக்குத்தசை தளர்ந்தவருக்கு உடனே வழிந்துவிடும். குடல் காலியாகும் அளவுக்கு உள்ளே நிற்காது. இந்தச் சிக்கலுக்கு 1987-ல் கனடாவின் டொராண்டோவில் ஷாண்ட்லிங், கில்மர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். உள்ளே நுழைக்கும் மெல்லிய குழாயான கதீட்டரின் நுனிக்கு அருகே ஒரு பலூனை வைத்து, மலக்குடலுக்குள் அதை ஊதிவிட்டால், நீர் வழியாமல் மேலே ஏறும். ஸ்பைனா பிஃபிடா உள்ள குழந்தைகளுக்காகச் செய்தது அது. இன்று பெரியவர்கள் பயன்படுத்தும் கருவிகளும் அந்த யோசனையின் தொடர்ச்சிதான்.

உள்ளே போன நீர் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, மலத்தை இளக்கிக் கழுவுகிறது. இரண்டு, குடல் சுவரை விரித்துச் சுருக்க அலையைக் கிளப்புகிறது. இரண்டாவதுதான் முக்கியம். வெளியே வருவது வெறும் கழுவிய நீர் இல்லை. குடல் தானே தள்ளிவிடும் மலம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடலில் உள்ளதைக் கதிரியக்கக் குறியீட்டால் அடையாளமிட்டுப் படம்பிடித்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்யும்போது மலக்குடலோடு நிற்காமல், இடப்பக்கம் இறங்கும் பெருங்குடலின் பெரும்பகுதியும் காலியாவது தெரிந்தது.

இதிலிருந்துதான் நேரக் கணக்கு பிறக்கிறது. அந்தப் பகுதி காலியாகிவிட்டால், மேலே இருக்கும் மலம் நகர்ந்து வந்து மலக்குடலை மறுபடி எட்டப் பலருக்கு ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும். அதுவரை கசிவதற்கு அங்கே எதுவும் இருக்காது. மலச்சிக்கல் உள்ளவருக்கு மலம் சேராமல் இருக்கிறது. மலக்கசிவு உள்ளவருக்கு உடை நனையாமல் இருக்கிறது. நேர் எதிரான இரண்டு தொல்லைக்கும் ஒரே சிகிச்சை எப்படி உதவும் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

## கருவியில் உள்ள வேறுபாடுகள்

எல்லாக் கருவியிலும் ஒரு நீர்ப்பை, ஒரு குழாய், நீரைச் செலுத்த ஒரு பம்ப், உள்ளே நுழைக்க ஒரு முனை இருக்கும். பம்ப் கையால் அழுத்துவதாகவோ பேட்டரியில் ஓடுவதாகவோ இருக்கலாம். உயரத்தில் தொங்கவிட்டுப் புவியீர்ப்பால் இறக்குவதும் உண்டு. தேர்வில் உண்மையாக வித்தியாசம் செய்வது நுழைக்கும் முனை:

- பலூன் கதீட்டர்: ஊதியதும் தானாக உள்ளே நிற்கும். கையில் பலம் குறைந்தவருக்கும், சுருக்குத்தசை தளர்ந்தவருக்கும் இதுவே வசதி.
- கூம்பு: ஆசனவாயில் வைத்துக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பலூன் இல்லாததால் குடல் சுவரில் அழுத்தம் குறைவு. கையும் உட்காரும் சமநிலையும் நன்றாக இருப்பவருக்குப் பொருந்தும்.
- குறைந்த அளவு நீர்க் கருவி: கைக்குள் அடங்கும் சிறு பம்ப், சுமார் 100 மில்லி நீர். மலம் கழித்த பிறகு மலக்குடலில் மிச்சம் தங்கி, அரை மணி கழித்துக் கசிவதுதான் தொல்லை என்றால் பெரிய கருவி தேவையில்லை, இதுவே போதும்.

## ஒரு முறை செய்வது எப்படி நடக்கிறது?

கீழே இருப்பது புரிந்துகொள்வதற்கான வரிசை. முதல் முறையைப் பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்தில் இருந்து செய்து காட்ட வேண்டும். இதைப் படித்துவிட்டுத் தனியாக இறங்கக் கூடாது.

1. சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடம் கழித்து, முடிந்தால் தினமும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். சாப்பாட்டால் கிளம்பும் குடல் அலையும் சேர்ந்துகொள்ளும்.
2. குடிக்கத் தகுந்த தண்ணீர், உடல் வெப்பத்தில், 36 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள். குளிர்ந்தால் குடல் சுருண்டு வலிக்கும். சூடு அதிகமானால் குடல் சுவர் வெந்துவிடும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது என்பதால் வெப்பமானி வைத்திருப்பது நல்லது. உப்பு, சோப்பு, காபி, மூலிகை எதுவும் கலக்கக் கூடாது.
3. கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து செய்வதே வழக்கம். உட்கார முடியாதவருக்கு இடப்பக்கம் சாய்ந்து படுத்த நிலை.
4. கதீட்டரின் வழுவழுப்புப் பூச்சை நீரால் ஈரமாக்கி, மெதுவாக நுழைக்க வேண்டும். தடை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். தள்ளவே கூடாது.
5. பலூனைச் சிறிது சிறிதாக ஊத வேண்டும். சொல்லிக்கொடுத்த அளவுக்கு மேல் போகக் கூடாது.
6. நீரை நிதானமாக, நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி என்ற வேகத்தில் ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு மொத்தம் பொதுவாக 500 முதல் 700 மில்லி. தேவைப்பட்டால் அதிகபட்சம் ஒரு லிட்டர் வரை. வலித்தால் சற்று நிறுத்தி, தணிந்த பின் தொடரலாம். தணியாவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.
7. பிறகு பலூனின் காற்றை இறக்கினால் கதீட்டர் வழுக்கி வெளியே வரும், அல்லது மெல்ல இழுக்கலாம். தொடர்ந்து நீரும் மலமும் வெளியேறும். முன்னால் குனிவது, வயிற்றை வலமிருந்து இடமாக நீவிவிடுவது உதவும்.

எல்லாம் சேர்ந்து 30 முதல் 45 நிமிடம் ஆகும். கதீட்டர் பொதுவாக ஒரே முறைக்கு மட்டும். மற்ற பாகங்களை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்தது.

## முதல் மூன்று மாதம்

இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் முடிவாகிறது. ஆனால் இங்கேதான் கவனிப்பு குறைவாகவும் கிடைக்கிறது. கருவியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் சொல்லித்தந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாதிப்பேர் நாலைந்து வாரத்தில் பெட்டியை மூடிவைத்துவிடுவார்கள் என்பதில் வியப்பில்லை. காரணம், முதல் நாள் குறித்துக் கொடுக்கும் அளவு ஒரு தோராயம்தான். ஒவ்வொரு குடலுக்கும் அதை மாற்றி அமைக்க வேண்டும். வழக்கமாக முதல் 10 முதல் 14 நாள் தினமும் செய்து, நிலைப்பட்ட பின் ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு மாறுவார்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்களையும், அவற்றில் எதை மாற்றிப் பார்ப்பார்கள் என்பதையும் பார்ப்போம்.

பலூனை ஊதியதுமே கதீட்டர் வெளியே தள்ளப்படுகிறது. அனிச்சைக் குடலில் இது அதிகம். வேகமாக ஊதப்பட்ட பலூனை மலம் என்று நினைத்துக் குடல் தள்ளிவிடுகிறது. இன்னும் மெதுவாக, இன்னும் குறைவாக ஊதிப் பார்க்க வேண்டும்; நீரின் வெப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். மலக்குடலில் மலம் நிறைந்திருந்தாலும் இதே நடக்கும்.

நீர் பக்கவாட்டில் வழிகிறது. தளர்ந்த சுருக்குத்தசை உள்ளவரிடம் அதிகம். பலூனில் சற்றுக் காற்று கூட்டலாம், அனுமதித்த வரம்புக்குள். பலூனை ஊதிய பின் மெல்ல இழுத்து வாயிலை அடைக்குமாறு பொருத்தச் சொல்வார்கள்.

உள்ளே போன நீர் வெளியே வரவில்லை. பலர் பயப்படுவது இதற்குத்தான். உடலில் நீர் குறைந்திருந்தால் பெருங்குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும், அது நடக்கக்கூடியதே. ஆனால் தொடர்ந்து நடந்தால் மேலே கெட்டி மலம் அடைத்திருக்கலாம். மறுபடி மறுபடி நீரேற்றிப் பார்ப்பது தவறு. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மலம் வருகிறது, ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து மீதி நீர் கசிகிறது. கழிப்பறையில் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது பலருக்குப் போதும். இல்லையென்றால் நீரின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம்.

இரண்டு தடவைக்கு நடுவில் மலம் கசிகிறது. நீர் போதவில்லை, அல்லது இடைவெளி அதிகம். 100 மில்லி கூட்டுவது, அல்லது தினமும் செய்வதற்குத் திரும்புவது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆகவே ஒன்றை மாற்றி, மூன்று நான்கு முறை செய்து பார்த்து, அப்புறம் அடுத்ததுக்குப் போக வேண்டும். தேதி, நேரம், நீரின் அளவு, எவ்வளவு வந்தது, இடையில் கசிந்ததா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், தொலைபேசியில் நர்ஸிடம் பேசும்போது ஊகத்துக்கு வேலையில்லை. மலத்தின் தன்மையைக் குறிக்க 1997-ல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல் உதவும்: 1 என்றால் உருண்டை உருண்டையாகக் கெட்டி, 7 என்றால் முழுத் திரவம்.

மலமிளக்கி எடுத்துக்கொண்டிருந்தவர் அதை முதல் நாளே நிறுத்திவிடக் கூடாது. மலம் கெட்டியாகிவிட்டால் தண்ணீரால் மட்டும் அதை அசைக்க முடியாது. நீர்க்கழுவல் நிலைபெற்ற பிறகு மருத்துவர் சொல்லியபடி படிப்படியாகக் குறைப்பதே முறை.

## ஆபத்து எவ்வளவு?

வயிற்றுப் பிடிப்பு, லேசான தலைச்சுற்றல், வியர்வை, ஆசனவாயில் துளி ரத்தம் ஆகியவை பலருக்கு வந்து போகும். பெரிய ஆபத்து ஒன்றுதான்: குடல் சுவர் துளைபடுவது. அது மிக அரிது. நீண்ட நாள் செய்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 1,10,000 முறை செய்ததில் இரண்டு துளைகள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். 2016-ல் உலக அளவில் வந்த புகார்களைத் திரட்டிப் பார்த்தபோது, துளைகளின் எண்ணிக்கை பத்து லட்சம் முறைக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் தொடங்கிய முதல் 8 வாரத்துக்குள் நடந்தவை. இடுப்புக்குழி உறுப்புகளில் முன்பே அறுவை நடந்தவர்களிடம் அபாயம் அதிகம் என்பதும் தெரியவந்தது.

அரிது என்பதால் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. செய்யும்போதோ முடிந்த பிறகோ தணியாத கடும் வயிற்று வலி, முதுகு வலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் இவற்றில் எது வந்தாலும் நீர்க்கழுவலை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடக் காயத்தால் வயிற்றில் உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியாமல் போகலாம். காய்ச்சல், வயிறு உப்பல், திடீர்ச் சோர்வு, தோள்பட்டை வலி ஆகியவற்றையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மலக்குடல் விரிவதே ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்த்தல் அதன் அடையாளம். உடனே பலூனின் காற்றை இறக்கி, கதீட்டரை எடுத்து, நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். தணியாவிட்டால் அது அவசரநிலை. இவர்கள் முதல் சில முறைகளைத் தனியாகச் செய்யவே கூடாது.

### யார் செய்யக் கூடாது?

- ஆசனவாயோ பெருங்குடலோ குறுகிப்போனவர்கள்
- சிகிச்சை முடியாத பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உள்ளவர்கள்
- குடல் அழற்சி நோய் தீவிரமாக இருப்பவர்கள், குடல் பிதுக்கப்பை (பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பை) அழற்சி தற்போது உள்ளவர்கள், குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள்
- ஆசனவாய், பெருங்குடல் அறுவை முடிந்து 3 மாதம் ஆகாதவர்கள். எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் கட்டி அகற்றி 4 வாரம் ஆகாதவர்கள்
- 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள்
- கர்ப்பிணிகள், முன்பு செய்து பழக்கமில்லாத நிலையில்

இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பவர், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு முழுத் தடை இல்லை. ஆனால் மருத்துவர் தனியாக எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கதிர்வீச்சு பெற்ற குடல் சுவர் மெலிந்திருக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்தவருக்கு, உறிஞ்சப்படும் நீர் அதை இன்னும் குறைக்கலாம்.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதற்கு வலுவான சான்று தண்டுவடக் காயம் உள்ளவர்களிடமிருந்தே கிடைத்திருக்கிறது. 2006-ல் வெளியான ஆய்வில் ஐரோப்பாவின் ஐந்து மையங்களைச் சேர்ந்த 87 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீர்க்கழுவல், மறு பிரிவுக்கு வழக்கமான குடல் பராமரிப்பு. 10 வாரம் கழித்து, நீர்க்கழுவல் செய்தவர்களிடம் மலச்சிக்கலும் குறைந்திருந்தது, மலக்கசிவும் குறைந்திருந்தது. சிறுநீர்த் தொற்றும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் பலூன் வகைக் கருவி ஒன்றைக் குடல் கோளாறு உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்தது.

நீண்ட காலக் கணக்கு அவ்வளவு உற்சாகம் தருவதில்லை. மேலே சொன்ன 2009 ஆய்வில் 348 பேர். சராசரியாக 21 மாதம் கழித்துப் பார்க்கையில் 47 சதவீதத்தினருக்கு மட்டுமே இது பலித்தது. மீதிப் பேர் பலன் போதாமலோ, வெறுத்துப்போயோ விட்டுவிட்டார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு இது பயனற்றது என்று சொல்வது சரியாகாது. இவர்கள் எல்லாரும் மற்ற வழிகளை முயன்று தோற்றவர்கள். அடுத்து இருந்தது அறுவைதான். அந்த இடத்தில் இரண்டில் ஒருவருக்கு உதவுவது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், இரண்டில் ஒருவருக்கு உதவாது என்பதையும் தொடங்கும்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

## குழந்தைகளும் உடனிருப்பவர்களும்

குழந்தைகளுக்கு நீரின் அளவை உடல் எடையை வைத்துக் கணக்கிடுவார்கள்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 200 முதல் 400 மில்லி. பள்ளியில் உடை நனையாமல் இருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் பெற்றோர் செய்துவிட்டாலும், பம்பை அழுத்துவது, நீரை அளப்பது என்று ஒவ்வொரு வேலையாகக் குழந்தையின் கைக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். பதின்வயதில் இதற்கு அம்மாவோ அப்பாவோ கூட இருப்பதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. அதுவரை கற்றுக்கொடுக்காமல் விட்டால் சிகிச்சையே நின்றுவிடும்.

வாழ்க்கைத் துணை செய்துவிடும் வீடுகளில் வேறொரு நெருக்கடி. நாள் விட்டு நாள், முக்கால் மணி நேரம், வருடக்கணக்கில். இந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள், அவருக்கு முடியாத நாளில் யார் என்று கருவி வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

## இதுவும் பலிக்காவிட்டால்?

1990-ல் மலோன் என்ற அறுவை மருத்துவர் ஒரு மாற்று வழியை வெளியிட்டார். குடல்வாலை வயிற்றுச் சுவரோடு இணைத்துச் சிறு துவாரம் அமைத்து, அதன் வழியாக மேலிருந்து கீழ்நோக்கி நீரைச் செலுத்துவது. கழிப்பறையில் உட்கார்ந்தபடி முன்பக்கத் துவாரத்தில் குழாயை நுழைக்கலாம் என்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் குழந்தைகளுக்கும் இது கைக்கு எட்டுகிறது. கீழ்முதுகு நரம்பை மின்தூண்டலால் இயக்கும் கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவது இன்னொரு வழி. மலக்கசிவுக்கு அது பலருக்கு உதவுகிறது.

கடைசியில் கொலோஸ்டமி. குடலை வயிற்றின் மேல் திறந்து பையில் மலத்தைச் சேர்ப்பது. பெயரைக் கேட்டாலே பலர் பதறுவார்கள். ஆனால் தினம் பல மணி நேரத்தைக் கழிப்பறையில் இழந்துகொண்டிருக்கும் தண்டுவடக் காயக்காரர்களில், இதைச் செய்துகொண்ட பிறகு "முன்பே செய்திருக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. இடப்பக்கப் பெருங்குடலில் அமைத்த கொலோஸ்டமி என்றால், மருத்துவர் அனுமதியோடு அந்தத் திறப்பின் வழியாகவும் கூம்பு வைத்து நீர்க்கழுவல் செய்யலாம். அது நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள், நடுவில் உள்ள நேரத்தில் பையைக் கழற்றிவிட்டு ஒரு சிறு மூடி மட்டும் ஒட்டிக்கொள்கிறார்கள்.